தைலமும் மருந்தும் சேரும் இடம்

ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாத காண்டிடா ஈஸ்ட், அதே மருந்தோடு கொஞ்சம் கிராம்புத் தைலமோ ஓமத்தில் உள்ள தைமாலோ சேர்ந்தால் கட்டுப்படுகிறது. இப்படிச் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் கடந்த இருபது ஆண்டுகளில் அலிகர், டெல்லி தொடங்கி இத்தாலி, பிரேசில், ஈரான் வரை பல பல்கலைக்கழகங்களிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் முடிவுரைகள் பெரும்பாலும் ஒரே ராகத்தில் ஒலிக்கும்: மருந்து எதிர்ப்பை வெல்ல இயற்கை வழி காட்டுகிறது, மேலும் ஆய்வு தேவை. அந்த மேலும் ஆய்வுதான் அரிதாக வருகிறது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2016இல் வெளியிட்ட காண்டிடா சிகிச்சை வழிகாட்டியில் எந்தத் தைலத்துக்கும் இடமில்லை. மருந்து நிறுவனங்களின் அலட்சியமே காரணம் என்று சிலரும், நாட்டு வைத்திய மயக்கத்தில் எழுந்த வீண் ஆய்வுகள் என்று வேறு சிலரும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் அடிப்படையான வேறொரு காரணம் தெரிகிறது. தைலமும் மருந்தும் சேர்ந்து ஈஸ்ட்டைக் கொல்லுமா என்று கேட்டவர்கள், உடலின் எந்த இடத்தில் அவை இரண்டும் போதிய அளவில் சந்திக்க முடியும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் இந்தத் துறையின் நம்பிக்கைகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது சிறியது, ஆனால் உருப்படியானது.

இந்தத் தேடலுக்கு அவசியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாக்டீரியாவைவிடப் பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவு. அதன் செல்லிலும் உட்கரு உண்டு, நம் செல்லின் பல இயக்கங்கள் அங்கேயும் நடக்கின்றன. அதனால் பூஞ்சையை மட்டும் தாக்கி நம்மை விட்டுவிடும் இலக்குகள் சொற்பம். 1950இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்ததிலிருந்து கணக்கெடுத்தாலும், காண்டிடாவுக்கு எதிராக மருத்துவர் கையில் உள்ள முக்கிய மருந்துக் குடும்பங்கள் மூன்றுதான்: நிஸ்டாட்டினும் ஆம்போடெரிசினும் சேர்ந்த பாலியீன்கள், ஃப்ளூகோனசோல் போன்ற அசோல்கள், 2001இல் காஸ்போஃபங்கினோடு வந்த எக்கினோகேண்டின்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாகப் பூஞ்சைக் கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் உள்ள 19 பெயர்களில் மிக அவசரமானவை என்று குறிக்கப்பட்ட நான்கில் இரண்டு காண்டிடாக்கள்: அல்பிகன்ஸ், ஆரிஸ். பத்தாண்டுகளில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா மூன்றிலும் சேர்த்து ஒப்புதல் பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு என்று அதே நிறுவனம் 2025இல் கணக்குச் சொன்னது.

ஈஸ்ட் தொற்று என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நோய்கள் இருப்பதை இங்கேயே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தக்குழாய் வழியாக நுழைந்து உள்ளுறுப்புகளைத் தாக்கும் தொற்று. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட காண்டிடா ஆரிஸ், நான்கே ஆண்டுகளில் டெல்லி மருத்துவமனை நோயாளிகளின் ரத்தத்தில் கண்டதாக ஆய்விதழ்களில் பதிவானது. அமெரிக்காவில் சோதித்த ஆரிஸ் மாதிரிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் ஃப்ளூகோனசோலுக்கு அடங்காதவை. மற்றொன்று உயிரைப் பறிக்காது, ஆனால் நிம்மதியைப் பறிக்கும்: குழந்தைகளின் நாக்கிலும், பல்செட் அணிந்த முதியவர்களின் மேலண்ணத்திலும், பெண்ணுறுப்பிலும் வரும் சளிச்சவ்வுத் தொற்று. திரும்பத் திரும்ப வரும் பெண்ணுறுப்புக் காண்டிடாவால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 13.8 கோடிப் பெண்கள் அவதிப்படுவதாக 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. முதல் நோயின் பயங்கரத்தை முன்னுரையில் காட்டி, இரண்டாவது நோய்க்குப் பொருந்தக்கூடிய சோதனையை நடத்தி, முடிவுரையில் மறுபடி முதல் நோய்க்குத் தாவுவது தைலக் கட்டுரைகளின் வழக்கமான வித்தை.

கூட்டு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணங்கள் உண்டு. நம் செல் சவ்வில் கொலஸ்டெரால் செய்யும் வேலையைப் பூஞ்சையின் சவ்வில் செய்வது எர்கோஸ்டெரால். ஃப்ளூகோனசோல் அதைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றை முடக்குகிறது. ஈஸ்ட் இதை இரண்டு வழிகளில் சமாளிக்கிறது: அந்த நொதியின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது, அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகளைப் பெருக்கிக்கொள்கிறது. தவிர, ஃப்ளூகோனசோல் காண்டிடாவின் வளர்ச்சியை நிறுத்துமே ஒழியப் பெரும்பாலும் கொல்லாது. மருந்து நின்றதும் மிச்சமிருப்பவை தலைதூக்கும். பல்செட்டின் மேலோ ரத்தக்குழாயில் செருகிய பிளாஸ்டிக் குழாயிலோ ஈஸ்ட் பிசுபிசுப்பான உயிர்ப்படலமாகப் படிந்துவிட்டால் ஃப்ளூகோனசோல் ஏறக்குறையச் செயலற்றுப் போகிறது. தைலங்களின் மூலக்கூறுகள் கொழுப்பில் கரைபவை, சிறியவை. சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் கலைப்பவை. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், ஓரிகானோவின் கார்வக்ரால் மூன்றும் பீனால் வகை. கார்வக்ரால் பட்டவுடன் ஈஸ்ட் செல்லுக்குள் கால்சியம் பெருக்கெடுப்பதையும், அதைத் தொடர்ந்து செல்லின் வளர்ச்சிக் கட்டுப்பாடு தடுமாறுவதையும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராஜினி ராவின் குழு 2010இல் காட்டியது. தைமாலும் கார்வக்ராலும் மருந்தை வெளியேற்றும் பம்புகளையே மந்தப்படுத்துகின்றன என்று டெல்லி ஜாமியா மில்லியா ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, படிந்துவிட்ட உயிர்ப்படலத்தின் மீதுகூட யூஜினாலும் இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடும் ஃப்ளூகோனசோலுக்குத் துணை நிற்பதைக் காட்டியது. மருந்து ஒரு பக்கம் சவ்வைப் பலவீனமாக்க, தைலம் மறுபக்கம் அதைக் கிழிக்க, பம்பும் ஓய்ந்துபோனால் ஈஸ்ட் திணறத்தான் செய்யும்.

இந்த முடிவுகள் எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் மருந்தின் அளவை ஒரு திசையிலும் தைலத்தின் அளவை மறு திசையிலும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாக் குழிகளிலும் ஈஸ்ட்டை விதைத்து, எங்கே வளரவில்லை என்று பார்ப்பார்கள். தனியாகத் தேவைப்பட்ட அளவில் எத்தனை பங்கு கூட்டில் போதுமானது என்பதை இரண்டுக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். அது 0.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கூட்டாற்றல் உண்டு என்று பொருள். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தனியாக மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் தேவைப்பட்ட ஃப்ளூகோனசோல் கூட்டில் 8 போதும் என்றாகிறது. 1,000 தேவைப்பட்ட தைலத்துக்கு 125 போதும். எட்டில் ஒரு பங்கும் எட்டில் ஒரு பங்கும் சேர்ந்து 0.25. கட்டுரையின் தலைப்பிலேயே கூட்டாற்றல் என்று போட்டுவிடலாம். ஆனால் காண்டிடா அல்பிகன்ஸுக்கு 2 மைக்ரோகிராம் வரை தேவைப்பட்டால்தான் அது மருந்துக்கு அடங்கும் கிருமி. 8 என்றால் அடங்காதது என்றே அமெரிக்க ஆய்வகத் தர விதிகள் வகைப்படுத்துகின்றன. இத்தனை பெரிய வீழ்ச்சிக்குப் பிறகும் நோயாளியின் கிருமி அடங்காததாகவே நீடிக்கிறது. குறியீட்டு எண் வெறும் விகிதம். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்பதை அது மறைத்துவிடுகிறது.

தட்டு மறைக்கும் விஷயம் இன்னும் உண்டு. தைலம் ஆவியாகும், ஒரு குழியின் ஆவி அடுத்த குழியின் ஈஸ்ட்டையும் தாக்கும். அது நீரில் கரையாது. கரைக்கச் சேர்க்கும் டுவீன் 80 போன்ற பொருள் ஈஸ்ட்டின் சவ்வோடு தானே விளையாடும். ஒவ்வொரு படியிலும் அளவு பாதியாகக் குறைவதால், ஒரு குழி தள்ளிப் படித்தாலே குறியீட்டு எண் கணிசமாக மாறிவிடும். அதனால்தான் 2003இல் பூஞ்சையியலாளர் ஃபிராங்க் ஆட்ஸ், 0.5க்கும் 4க்கும் இடைப்பட்டதையெல்லாம் எந்த விளைவும் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த எச்சரிக்கையை மீறி, 0.5க்குச் சற்று மேலே வந்ததைப் பகுதிக் கூட்டாற்றல் என்று சொல்லி ஒப்பேற்றும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

இனி ரத்தத்துக்கு வருவோம். ஃப்ளூகோனசோலின் பெருமையே அது விழுங்கினால் ஏறக்குறைய முழுவதும் உடலில் சேரும் என்பதுதான். 400 மி.கி. ஒருமுறை விழுங்கினால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 6 முதல் 7 மைக்ரோகிராம். தினமும் தொடர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஏறும். தைலத்தின் கதை தலைகீழ். 1.08 மி.கி. தைமால் கொண்ட தைம் மாத்திரையைப் பன்னிரண்டு ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு 2002இல் வெளியானது. அவர்கள் ரத்தத்தில் தைமால் என்ற பொருளே தென்படவில்லை. தென்பட்டது அதன் சல்பேட் வடிவம், அதுவும் உச்சத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 93 நானோகிராம். கொடுத்த அளவு சிறியது என்று சொல்லலாம். நூறு மடங்கு கொடுத்து, ரத்த அளவும் அதே விகிதத்தில் ஏறினால்கூட 10 மைக்ரோகிராமைத் தொடாது. தட்டில் தேவைப்படுவதோ பல பத்துகள், பெரும்பாலும் நூறுகள். யூஜினாலும் அப்படியே: 1990இல் மனிதர்களில் நடந்த சோதனையில் விழுங்கியதில் பெரும்பகுதி ஒரே நாளில் இணைப்பு வடிவங்களாகச் சிறுநீரில் வெளியேறியது, மாறாமல் வந்தது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. கல்லீரல் சல்பேட்டையோ குளுகுரோனிக் அமிலத்தையோ ஒட்டவைக்கும் இடம், இந்த மூலக்கூறுகளின் பூஞ்சைக் கொல்லித் திறனுக்கு ஆதாரமான அதே ஹைட்ராக்சில் முனைதான். ஈஸ்ட்டைச் சென்றடைவதற்கு முன்பே ஆயுதத்தின் முனை மழுங்கிவிடுகிறது. எனவே ரத்தத்தில் பரவிய காண்டிடா ஆரிஸுக்குத் தைலக் கூட்டு என்ற பேச்சை, இன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால், கைவிடுவதே நேர்மை.

ஆனால் வாயிலும் பெண்ணுறுப்பிலும் பல்செட்டிலும் கணக்கு மாறுகிறது. அங்கே தைலத்தை நேராகவே வைக்கலாம். மில்லிலிட்டருக்கு 125 மைக்ரோகிராம் என்பது நூற்றில் ஒரு பங்குக் கரைசலின் எண்பதில் ஒரு பகுதிதான். ஒரு சதவீத ஜெல் தடவினால் கொஞ்ச நேரத்துக்காவது அதைப் பல மடங்கு மிஞ்சிவிடலாம். கல்லீரல் குறுக்கே வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். கூட்டாளியான ஃப்ளூகோனசோலோ உள்ளிருந்து வந்து சேரும்: உமிழ்நீரில் அதன் அளவு ரத்தத்தில் உள்ளதற்குச் சமம், பெண்ணுறுப்புத் திசுவிலும் அப்படியே, அங்குள்ள திரவத்தில் ஏறக்குறைய பாதி. ஒன்று வெளியிலிருந்தும் மற்றொன்று உள்ளிருந்தும் ஒரே சவ்வில் சந்திக்கின்றன. தட்டில் நடந்த கூட்டுக்கு உடலில் ஓர் இடம் உண்டு என்றால் அது இதுதான்.

இதற்கான மனிதச் சான்று கொஞ்சம்தான், அதையும் உள்ளபடியே சொல்ல வேண்டும். ஃப்ளூகோனசோல் கைவிட்ட எய்ட்ஸ் நோயாளிகள் 13 பேருக்கு, ஆஸ்திரேலியத் தேயிலை மரத் தைலம் கலந்த வாய்க் கரைசலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1998இல் வெளியானது. நான்கு வாரம் கழித்து, மதிப்பிட முடிந்த 12 பேரில் இருவர் குணமடைந்திருந்தார்கள், ஆறு பேருக்கு முன்னேற்றம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அது தைலத்தின் தனிச் சோதனை, கூட்டுச் சோதனையும் அல்ல. அந்தத் தைலத்தின் முக்கியப் பொருளான டெர்பினன்-4-ஆல், அசோலுக்கு அடங்காத காண்டிடாவையும் எலிகளின் பெண்ணுறுப்பிலிருந்து வேகமாக நீக்குவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். இவை இரண்டையும் வைத்து யாரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஒரு முறையான சோதனை நடத்தலாம்.

இப்படி நேராக வைக்கும் சிகிச்சைக்கு ஒரு முன்னோடி இருப்பதையும் தைல ஆதரவாளர்கள் கவனிப்பதில்லை. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர்தான் அது. ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் அடங்காத காண்டிடா கிளப்ராட்டா பெண்ணுறுப்பில் தொற்றினால், வழக்கமான மருந்துகள் பலிக்காதபோது, 600 மி.கி. போரிக் அமிலம் அடைத்த ஜெலட்டின் குப்பியைப் பதினான்கு நாள் உள்ளே வைக்கலாம் என்று நான் முதலில் சொன்ன அதே 2016 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. விழுங்கினால் அது விஷம். ரத்தத் தொற்றுக்கு அதைப் பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை. ஆனாலும் அளவு, காலம், வைக்கும் இடம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டதால் ஒரு சாதாரண ரசாயனம் வழிகாட்டியில் இடம்பிடித்தது. தைலத்துக்கு இன்று இல்லாதது இந்த வரையறைதான்.

ரத்தத் தொற்றுக்குத் தைலம் உதவாது என்பதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது நானோ தொழில்நுட்பம் சார்ந்தது. தைலத்தை நுண்ணிய கொழுப்புத் துளிகளில் அடைத்தால் கல்லீரலை ஏமாற்றி ரத்தத்தில் சேர்க்கலாமே, ஆம்போடெரிசினை லிபோசோமில் அடைத்துத்தானே அதன் சிறுநீரக நச்சைக் குறைத்தார்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஆம்போடெரிசின் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலேயே காண்டிடாவை முடித்துவிடும் மருந்து. அதன் வீரியத்தில் குறையில்லை; நச்சுதான் குறை, அதை லிபோசோம் சரிசெய்தது. தைலத்தின் குறை வீரியத்திலேயே இருக்கிறது. நூறு மைக்ரோகிராம் தேவைப்படும் ஒரு சவ்வுக் கலைப்பானை அந்த அளவுக்கு ரத்தத்தில் ஏற்றினால் ஈஸ்ட்டின் சவ்வு எது, சிவப்பணுவின் சவ்வு எது என்று அது பிரித்தறியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நானோ துளிகளின் பயன் வாய்க்கான ஜெல்லிலும் பல்செட் கழுவும் கரைசலிலும்தான் முதலில் தெரியவரும் என்பது என் கணிப்பு.

முழுத் தைலம்தான் பலன் தரும், அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தால் அதன் உயிர் போய்விடும் என்ற வாதம் மரபு மருத்துவ ஆர்வலர்களிடம் செல்வாக்கானது. இலங்கையின் இலவங்கப்பட்டை மரம் ஒன்றே இதற்குப் பதில் சொல்லும். பட்டையிலிருந்து வடித்தால் சின்னமால்டிஹைடு மிகுந்த தைலம் வரும். அதே மரத்தின் இலையிலிருந்து வடித்தால் யூஜினால் மிகுந்த, ஏறக்குறையக் கிராம்புத் தைலம் போன்ற ஒன்று வரும். தென் பிரான்சில் அடுத்தடுத்த குன்றுகளில் வளரும் தைம் செடிகளில்கூட ஒன்று தைமால் தரும், ஒன்று கார்வக்ரால் தரும், இன்னொன்று லினலூல் தரும். புட்டியின் மேல் செடியின் பெயர் மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது எது? தேயிலை மரத் தைலத்துக்குச் சர்வதேசத் தர நிர்ணயம் டெர்பினன்-4-ஆல் இவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லை வகுத்திருப்பதால்தான் அதில் ஓரளவு நம்பகமான மருத்துவ ஆய்வு சாத்தியமாயிற்று. ஒரு மருந்தோடு இணைக்க வேண்டியது பெயர் தெரிந்த, அளவு தெரிந்த மூலக்கூறு. முழுத் தைலம் அதைவிட மேல் என்று யாரேனும் நிரூபித்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

தைலம் பல இடங்களில் தாக்குவதால் கிருமி அதற்கு எதிர்ப்பை வளர்க்கவே முடியாது என்பது இன்னொரு நம்பிக்கை. சூடோமோனாஸ் பாக்டீரியா தேயிலை மரத் தைலத்தைத் தாங்கிக்கொள்வதே தன் வெளியேற்றும் பம்பின் தயவால்தான் என்பது சோதனையில் தெளிந்த விஷயம். கொழுப்பில் கரையும் அந்நியப் பொருள் வந்தால் பம்பை முடுக்கும் பழக்கம் காண்டிடாவுக்கும் உண்டு. அந்தப் பம்பு மந்தமாவதற்குப் பதில் பெருகுவதைத் தூண்டும் அளவு எது என்பதைப் பார்க்காமல், குறைந்த வீரியத்தில் மாதக்கணக்கில் தைலம் தடவச் சொல்வது ஃப்ளூகோனசோலையே காவு கொடுப்பதாக முடியலாம். எல்லா மருந்தோடும் எல்லாத் தைலத்தையும் சேர்க்கலாம் என்பதும் தவறு. ஆம்போடெரிசினும் நிஸ்டாட்டினும் பற்றிக்கொள்வது எர்கோஸ்டெராலை. அந்த எர்கோஸ்டெராலையே குறைக்கும் தைலத்தைச் சேர்த்தால், மருந்து பிடிக்க வேண்டிய கைப்பிடியை நாமே அகற்றுகிறோம்.

கூட்டு மருந்து என்றாலே முன்னேற்றம் என்ற எண்ணத்தை இந்தியா அதிக விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் அடைத்த களிம்புகள் படர்தாமரையைச் சிக்கலான நோயாக்கியதில் பெரும் பங்கு வகித்தன என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. கூட்டு எப்படி நிரூபிக்கப்பட வேண்டும் என்பதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் ஈஸ்ட்டுக்கு ஆம்போடெரிசினோடு ஃப்ளூசைட்டோசினைச் சேர்ப்பது வெகுகாலமாகப் பேசப்பட்டு வந்தது. வியட்நாமில் 299 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2013இல் வெளிவந்த பிறகே விவாதம் ஓய்ந்தது: எழுபது நாளில் ஆம்போடெரிசின் மட்டும் பெற்றவர்களில் 44 பேரும் ஃப்ளூசைட்டோசினும் சேர்த்துப் பெற்றவர்களில் 30 பேரும் இறந்திருந்தனர்.

தைலக் கூட்டுக்கு அத்தனை பெரிய சோதனைகூடத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் பெண்ணுறுப்புக் காண்டிடா உள்ளவர்களில், கிருமியின் இனத்தையும் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் பரிசோதித்து, அனைவருக்கும் ஃப்ளூகோனசோல் கொடுத்து, பாதிப் பேருக்கு ஒரே மூலக்கூறு கொண்ட ஜெல்லும் மீதிப் பேருக்கு வெற்று ஜெல்லும் தரலாம். வாசனை காட்டிக்கொடுக்கும் என்பதால் வெற்று ஜெல்லுக்கும் பொருத்தமான வாசனை வேண்டும். பூஞ்சை ஆய்வகத்தில் இருப்பவருக்கு யாருடைய மாதிரி என்று தெரியக் கூடாது. எரிச்சல், ஒவ்வாமை, நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் குறைகிறதா, ஆறு மாதத்தில் எத்தனை பேருக்குத் திரும்புகிறது என்பனவற்றை அளக்க வேண்டும். எண்ணெய்ப்பதம் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதைப் பங்கேற்பவர்களிடம் சொல்ல வேண்டும். இன்னொரு நூறு தட்டுச் சோதனைகளுக்குச் செலவழிக்கும் பணத்தையும் உழைப்பையும் ஆய்வு நிறுவனங்கள் இப்படியொரு சோதனையின் பக்கம் திருப்ப வேண்டும்.

அதுவரை வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கும் அதே கிராம்புத் தைலம், ஓரிரு தேக்கரண்டி விழுங்கிய குழந்தைகளின் கல்லீரலைச் செயலிழக்கச் செய்ததாகப் பதிவுகள் உள்ளன. நீர்க்காத தைலம் சளிச்சவ்வைப் பொசுக்கும், காற்றுப்பட்டுப் பழசான தேயிலை மரத் தைலம் ஒவ்வாமையைத் தரும். அரிப்பும் வெள்ளைப்படுதலும் ஃப்ளூகோனசோலுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், கடையில் இன்னொரு மாத்திரை வாங்காமல், எந்த வகைக் காண்டிடா என்று கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். காண்டிடா குருசேயாக இருந்தால் ஃப்ளூகோனசோல் அதன்மேல் இயல்பிலேயே வேலை செய்யாது; காண்டிடாவாகவே இல்லாமலும் இருக்கலாம்.